தரங்கம்பாடி

விடுமுறை வந்தால் வெளியூர் காணும் விருப்பம் எவர்க்கும் எழும். மலைவளம் காணச் செல்வார் சிலர். திருக்கோயில் வழிபடச் செல்வார் சிலர். கடற்காற்றை நாடிச் செல்வார் பலர். கண்ணாற் கண்டதைக் கருத்தில் வாங்கி எண்ணிப் பார்ப்பவர்க்கே பயணம் கல்வியாகப் பயன் தரும். அங்ஙனம் எண்ணிப் பார்த்தற்குரிய கடற்கரை ஊர்களுள் ஒன்று தரங்கம்பாடி. அளவிற் சிறிய ஊர் அது. ஆயினும் பாண்டியர் காலத்துக் கோயிலும், தொலைநாட்டார் கட்டிய கோட்டையும், தமிழ் நூல் அச்சேறிய சிறப்பும், கடலையே நம்பி வாழும் மீனவர் குடியிருப்பும் அவ்வூரில் ஒருங்கே அமைந்துள்ளன.

வழியும் பெயரும்

சோழவள நாட்டின் கீழைக் கடற்கரையில், பூம்புகாருக்குத் தெற்கிலும் காரைக்காலுக்கு வடக்கிலும் உள்ளது தரங்கம்பாடி. 2020ஆம் ஆண்டில் அமைந்த மயிலாடுதுறை மாவட்டத்தில் அஃது அடங்கும். மயிலாடுதுறையிலிருந்து இவ்வூருக்கு முன்னாளில் புகைவண்டி ஓடிற்று. 1986ஆம் ஆண்டில் அது நின்றுபோயிற்று. இப்போது பேருந்தில் செல்வோர் செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகச் செல்வர். வழிநெடுக வயல்களே காட்சி தரும். பின்னர் வயல்கள் குறைந்து மணற்பாங்கான நிலம் தோன்றும். பனைகள் தலைகாட்டும். காற்றில் உப்பின் சுவை கலந்து வரும். கடல் கண்ணுக்குத் தெரியுமுன் அதன் ஒலி காதில் விழும்.

தரங்கம் என்பது அலையைக் குறிக்கும் சொல். பாடி என்பது ஊரைக் குறிக்கும். எனவே, அலையை அடுத்த ஊர் என்பது பெயரின் நேர்பொருள். அலைகள் பாடும் ஊர் என்று நயம்படப் பொருள் கூறி மகிழ்வாரும் உளர். மருத நிலம் முடிந்து நெய்தல் நிலம் தொடங்கும் எல்லையில் அமைந்த இவ்வூருக்கு இரு பொருளும் பொருந்தும். இதற்குச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் பழம்பெயர்கள் இருந்தமையைக் கல்வெட்டால் அறிகிறோம். பட்டினம் என்பது கடற்றுறை ஊரைக் குறிக்கும். ஆகவே, ஐரோப்பியர் வருவதற்கு முன்னரே இவ்விடம் கலங்கள் வந்து தங்கும் துறையாக விளங்கியது என்பது தெளிவு.

கடலோரக் கோயில்

ஊரின் பழமைக்குச் சான்றாகக் கடலோரத்தில் நிற்பது மாசிலாமணிநாதர் கோயில். பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில், 1306ஆம் ஆண்டில் இக்கோயில் எழுந்தது. கட்டிய நாளில் கோயிலுக்கும் கடலுக்கும் இடையே நிலம் இருந்தது. ஆண்டுதோறும் அலைகள் கரையை அரித்தன, நிலம் குறைந்தது. கடைசியில் அலைகள் கோயிலையே தொட்டன. முன்பகுதிகள் இடிந்து கடலுக்கு இரையாயின. எஞ்சிய பகுதியைக் காத்தற்காகக் கரையில் பெரும்பாறைகளைக் கொட்டி அலைகளைத் தடுத்துள்ளனர். அண்மைக் காலத்தில் கோயிலும் பழுது பார்க்கப்பெற்றது. கல்லாற் கட்டிய கோயிலையும் காலப்போக்கில் கரைக்கவல்லது கடல் என்பதை இங்கு வருவோர் நேரிற் காணலாம்.

பொன்னோலை

ஐரோப்பாவின் வடபால் உள்ள சிறிய நாடு டென்மார்க்கு. அந்நாட்டு மக்களை டேனியர் என்பர். கீழை நாடுகளின் மிளகையும் துணியையும் நாடி 1618ஆம் ஆண்டின் இறுதியில் அவர்தம் கப்பல்கள் புறப்பட்டன. அக்கப்பல்களுக்குத் தலைமை தாங்கியவர் ஓவே கெட்டே என்பவர். வழியில் நோயுற்று மாண்டவர் பலர். எஞ்சியோர் 1620ஆம் ஆண்டில் இக்கரையை அடைந்தனர். அப்போது தஞ்சையை ஆண்டவர் இரகுநாத நாயக்கர். கலைஞரைப் போற்றிய மன்னர். அவர் டேனியருடன் உடன்படிக்கை செய்துகொண்டார். தரங்கம்பாடியில் தங்கி வாணிகம் நடத்தவும், கோட்டை கட்டிக்கொள்ளவும் அவர்களுக்கு உரிமை கிடைத்தது.

டென்மார்க்கு வேந்தர் நான்காம் கிறித்தியனுக்கு நாயக்கர் விடுத்த திருமுகம் பனையோலையில் எழுதப்பட்டதன்று. ஓலை வடிவாகச் செய்த பொன் தகட்டில் தமிழில் எழுதப்பட்டது. அப்பொன்னோலை இன்றும் கோபனேகன் நகரத்து ஆவணக் காப்பகத்தில் பேணப்பட்டு வருகிறது. தமிழ் எழுத்துத் தாங்கிய அத்தகடு நானூறு ஆண்டுகளாகப் பனிசூழ் நாட்டில் இருந்து வருதல் வியத்தற்குரிய செய்தி அன்றோ?

கோட்டையும் தெருக்களும்

பழைய ஊருக்குள் செல்வோர் வெண்ணிறமான நுழைவாயில் ஒன்றைக் கடந்து செல்வர். ஊரைச் சுற்றி மதில் இருந்த காலத்தில் அதுவே நிலவழி வாயிலாக இருந்தது. இப்போதுள்ள வாயில் 1792ஆம் ஆண்டில் கட்டப்பெற்றது. வாயிலைக் கடந்தால் அரசர் தெரு கடலை நோக்கி நீள்கிறது. இருமருங்கும் பழைய தேவாலயங்களும் தூண்கள் தாங்கிய தாழ்வாரங்களையுடைய மாளிகைகளும் நிற்கின்றன. 1701ஆம் ஆண்டிற் கட்டிய சீயோன் ஆலயமும், 1718ஆம் ஆண்டிற் கட்டிய புதிய எருசலேம் ஆலயமும் இத்தெருவில் உள்ளன.

தெருவின் முடிவில், கடலை நோக்கி நிற்கிறது டேன்சுபோர்க்குக் கோட்டை. அதன் கீழ்த்தளத்தில் பண்டசாலைகளும் சிறையும் இருந்தன. மேல்தளத்தில் ஆளுநரும் அலுவலரும் வாழ்ந்தனர். கீழே மிளகு மூட்டைகள். மேலே ஆட்சியாளர் அறைகள். வாணிகத்தின் மேல் எழுந்த ஆட்சி என்பதை அக்கட்டடத்தின் அமைப்பே உணர்த்தும். இப்போது அது தொல்பொருட் காட்சியகமாக விளங்குகிறது. பழங்காசுகளும் பீங்கான் கலங்களும் ஆவணங்களும் அங்கே வைக்கப்பட்டுள்ளன.

மணலில் எழுதிய மாணவர்

1706ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 9ஆம் நாள் இக்கரையில் இறங்கினார் ஓர் இளைஞர். செருமானிய நாட்டவர், பெயர் சீகன்பால்கு. சமயப்பணி ஆற்ற வந்த அவர், மக்களின் மொழியை அறியாமல் மக்களோடு பழக இயலாது என்பதை உடனே உணர்ந்தார். முதிய பள்ளியாசிரியர் ஒருவரை நாடினார். சிறுவர்களோடு தரையில் அமர்ந்தார். அவர்களைப் போலவே மணலில் விரலால் எழுத்துகளை எழுதி எழுதித் தமிழ் கற்றார். வளர்ந்த மனிதர் குழந்தைகளோடு அமர்ந்து அகரம் எழுத நாணவில்லை. கல்வி வேட்கை உடையார்க்கு நாணம் தடையாகாது.

இரண்டே ஆண்டுகளில் அவர் கற்ற தமிழ் வளர்ந்தது. 1708ஆம் ஆண்டில் 119 தமிழ் நூல்களைத் தொகுத்து, அவற்றைப் பற்றிய குறிப்புகளுடன் பட்டியல் எழுதினார். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய நூல்களைத் தம் தாய்மொழியிற் பெயர்த்தார். கோட்டைத் தலைவரோடு ஏற்பட்ட பிணக்கால் நான்கு திங்கள் சிறையிலும் இருந்தார். ஆயினும் அவர்தம் ஊக்கம் குன்றவில்லை.

தமிழ் எழுத்து அச்சேறியது இவ்வூரில் முதன்முறையன்று. 1578ஆம் ஆண்டிலேயே கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்னும் சிறுநூல் அச்சாகியிருந்தது. எனினும் அம்முயற்சி நெடுங்காலம் தொடரவில்லை. அதனை மீண்டும் தொடங்கி நிலைபெறச் செய்த பெருமை தரங்கம்பாடிக்கு உண்டு. 1712ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து அச்சுப்பொறி வந்தது. மறு ஆண்டில் செருமானிய நாட்டு ஆலே நகரத்தில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்து சேர்ந்தன. 1715ஆம் ஆண்டில் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி நிறைவுற்றது. காகிதம் கடல் கடந்து வரவேண்டியிருந்தமையால், அருகிலுள்ள பொறையாற்றில் காகிதம் செய்யவும் முயன்றனர். சீகன்பால்கு 1719ஆம் ஆண்டில் தம் 36ஆம் அகவையில் உயிர் நீத்தார். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அவர் உடல் அடக்கம் செய்யப்பெற்றது.

மீனவர் சொல் பெற்ற பெருமை

சீகன்பால்குவுக்குப் பின் வந்தவருள் சிலர் மொழியோடு இயற்கையையும் ஆராய்ந்தனர். அவருள் ஒருவர் 1771ஆம் ஆண்டில் வந்த ஜான் என்பவர். இக்கரையில் வலையில் விழுந்த மீன்களைச் சேர்த்துப் பெர்லின் நகரத்தில் வாழ்ந்த பிளாக்கு என்னும் மீனியல் அறிஞர்க்கு அனுப்பினார். பிளாக்கு அம்மீன்களை ஆராய்ந்து படம் வரைவித்து நூலில் வெளியிட்டார். ஜானின் நினைவாக ஒரு மீனினத்துக்கு ஜோனியசு என்று பெயரிட்டார். நம் கடற்கரையில் கத்தாளை என வழங்கும் மீன்களுட் சில அவ்வினத்தைச் சேர்ந்தவை.

அவ்வினத்து மீன் ஒன்றை மீனவர் கருத்த கத்தாளை என்பர். அதற்கு அறிவியற் பெயர் சூட்டியபோது, அவர்கள் வழங்கிய சொல்லையே தழுவி ஜோனியசு கருத்தா என்று பெயர் வைத்தார் பிளாக்கு. இன்றும் உலகெங்கும் மீனியல் பயில்வோர் அப்பெயராலேயே அம்மீனைக் குறிப்பிடுகின்றனர். அம்மீனைப் பிடித்தவர் யார், அதன் பெயரை முதலிற் சொன்னவர் யார் என்பதை எந்நூலும் குறிக்கவில்லை. எனினும் எழுதப் படிக்க அறியாத மீனவர் ஒருவரின் வாய்ச்சொல் அறிவுலகில் அழியா இடம் பெற்றுவிட்டது.

துறை ஓய்ந்தது

1845ஆம் ஆண்டில் டேனியர் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சீராம்பூரையும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார்க்கு விற்றுவிட்டனர். விலை பன்னிரண்டரை இலட்சம் ரூபாய். ஓர் ஊரும் அதன் துறையும் சந்தைப் பொருள் போலக் கைம்மாறின. பின்னர் நாகப்பட்டினத்துக்கு இருப்புப்பாதை வந்தது. வாணிகம் அங்கே சென்றது. தரங்கம்பாடியில் பெருங்கலங்கள் வருவது நின்றது. ஆனால் கட்டுமரங்கள் செல்வது நிற்கவில்லை. மிளகு வாணிகத்துக்கு முன்னும் கடலில் வலை வீசியவர்கள், அவ்வாணிகம் அழிந்த பின்னும் வலை வீசினர்.

கரையில் ஒரு காலைப் பொழுது

கோட்டையைக் கண்டதோடு ஊரைக் கண்டாயிற்று என்று திரும்புவோர் பாதியையே கண்டவராவர். விடியற்காலையில் மீனவர் கரைக்குச் செல்லுதல் வேண்டும். இரவு முழுவதும் கடலில் இருந்த படகுகள் அப்போதுதான் கரை சேரும். பட்டினவர் எனப்படும் மீனவரே இக்கரையில் மிகுதியாக வாழ்கின்றனர். சங்கப் புலவர்கள் பரதவர் என்று பாடிய நெய்தல் நில மக்களின் தொழிலே இவர்தம் தொழில்.

முன்னாளில் இவர்கள் பெரிதும் கையாண்டது கட்டுமரம். எடை குறைந்த மரத்துண்டுகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டினால் கட்டுமரம் ஆயிற்று. அதற்கு உட்குழிவு இல்லை. ஆகவே அலை ஏறினாலும் நீர் தேங்குவதில்லை, மூழ்குவதும் இல்லை. கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்து மரங்களை உலர வைப்பர். அதன் பெயர் ஆங்கிலத்திலும் புகுந்து நிலைத்துவிட்டது. இன்று கண்ணாடி இழையாற் செய்த, பொறி பூட்டிய படகுகளே மிகுதி. ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை மீன்கள் இனம் பெருக்கும் காலம் என்று கருதி, பெரிய விசைப்படகுகள் கடலுக்குச் செல்ல அரசு தடை விதித்துள்ளது. கோடை விடுமுறையில் வருவோர் அப்படகுகள் ஓய்ந்து நிற்பதைக் காண்பர். சிறுபடகுகள் அக்காலத்திலும் செல்லும்.

கடலில் பாதை இல்லை. வழிகாட்டும் கல்லும் இல்லை. ஆயினும் மீன் மிகுந்த இடத்தை மீனவர் மறவாமல் மீண்டும் அடைவர். கரையில் தெரியும் கோயிலையும் அதன் பின்னுள்ள மரத்தையும் ஒரு நேர்க்கோட்டில் கொள்வர். மற்றொரு பக்கத்தில் வேறிரண்டு அடையாளங்களை ஒரு நேர்க்கோட்டில் கொள்வர். இரு கோடுகளும் சந்திக்கும் இடமே வலை வீசும் இடம். வடிவகணிதம் பயிலும் மாணவர் இதன் நுட்பத்தை எளிதில் உணர்வர். காற்றின் திசையையும் அவர்கள் நன்கு அறிவர். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். வடக்கிலிருந்து வருவது வாடை. தென்மேற்கிலிருந்து வருவது கச்சான். நீரின் நிறமும் பறவைகள் வட்டமிடுதலும் மீன் கூட்டத்தைக் காட்டிக்கொடுக்கும். இவற்றையெல்லாம் தந்தையோடு படகிற் சென்றே மைந்தர் கற்கின்றனர்.

படகு கரை சேர்ந்ததும் பெண்டிர் வேலை தொடங்குகிறது. மீனை வகைப்படுத்தி ஏலம் கூறுவதும், கூடையில் சுமந்து ஊர்தோறும் சென்று விற்பதும், எஞ்சியதை உப்பிட்டு உலர்த்திக் கருவாடாக்குவதும் அவர்தம் பணி. ஆடவர் கொணர்ந்த மீனைப் பொருளாக மாற்றி வீட்டை நடத்துபவர் பெண்டிரே.

2004ஆம் ஆண்டு

இத்தகைய காலைப் பொழுதில்தான் பேரிடர் நேர்ந்தது. 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. சுமத்திரா அருகே கடலடியில் பெருநிலநடுக்கம் உண்டாயிற்று. ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் ஆழிப்பேரலை தமிழ்நாட்டுக் கரையை அடைந்தது. அப்பொழுது கரையில் மீன் விற்போர் கூடியிருந்தனர். பள்ளி இல்லாமையால் சிறுவர்கள் மணலில் விளையாடிக்கொண்டிருந்தனர். அலை அவர்கள் மீது வந்து விழுந்தது. அந்நாளில் தரங்கம்பாடியும் அடங்கியிருந்த நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேர்க்கு மேல் மாண்டனர். ஆழ்கடலில் பேரலையின் உயரம் மிகக் குறைவு. ஆதலால் அங்கிருந்த மீனவர் அதனை உணரவில்லை. கரைக்குத் திரும்பிய பின்னரே வீடும் இல்லை, வீட்டில் இருந்தாரும் இல்லை என்பதைக் கண்டனர்.

அந்நாளில் இந்தியப் பெருங்கடற் கரைகளுக்கு முன்னறிவிப்புத் தரும் அமைப்பு இல்லை. இரண்டரை மணி நேரம் இருந்தும் அச்செய்தி மக்களை எட்டவில்லை. பின்னர் 2007ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் நிறுவப்பெற்றது. கடல் திடீரென உள்வாங்கினாலும், நிலம் வலுவாக அதிர்ந்தாலும், எச்சரிக்கை கிடைத்தாலும் வேடிக்கை பார்த்து நில்லாமல் மேட்டு நிலத்துக்கு விரைந்து செல்லுதல் வேண்டும். கடற்கரைக்குச் செல்லும் ஒவ்வொருவரும் இதனை நெஞ்சில் நிறுத்துவாராக.

பேரலைக்குப் பின் மீனவர்முன் கடினமான ஒரு வினா எழுந்தது. கரையிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் குடியேற விரும்புவார்க்குப் புதிய வீடு தர அரசு முன்வந்தது. பழைய இடத்தை அவர்கள் விட்டுவிடுதல் வேண்டும். அப்பாற் சென்றால் உயிர்க்குக் காப்பு மிகும். ஆனால் வாயிலில் நின்று அலையின் போக்கைப் பார்த்துக் கடலுக்குச் செல்லலாமா, கூடாதா என்று முடிவு செய்பவர்க்கு, கடல் கண்ணுக்குத் தெரியாத வீடு கை ஒடிந்தது போலாகும். படகையும் வலையையும் யார் காப்பார் என்ற கவலையும் உண்டு. புதிய குடியிருப்புகளுக்குச் சென்றவரும் உளர். கரையை விடாதவரும் உளர். எவ்விடத்தில் குடியிருந்தாலும், சில திங்கள் கழித்து அவர்கள் மீண்டும் படகை அலையில் இறக்கினர். மக்களைக் கொண்டுசென்ற கடலிலேயே மறுபடியும் வலை வீசுவதற்கு எத்துணை மனவலிமை வேண்டும்!

காண்பவர் கடமை

இவ்வூருக்கு விடுமுறையில் வருவோர் சிலவற்றை மனத்திற் கொள்ளுதல் நன்று. மணலில் விரித்த வலையை மிதித்தல் ஆகாது. ஓர் இழை அறுந்தாலும் அதனைப் பின்ன ஒருவர் வெயிலில் அமர வேண்டும். குப்பையைக் கரையில் எறிதல் ஆகாது. அது கடலுக்குச் சென்று வலையில் மீனுக்குப் பதிலாக ஏறும். இழந்தவரிடம் இழப்பைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டல் பண்பாகாது. காற்றைப் பற்றியும் மீனைப் பற்றியும் கேட்டால் அவர்கள் மகிழ்ந்து சொல்வர். கேட்பவர் நூல்களில் இல்லாத பலவற்றைக் கற்பர்.

பாண்டியன் வைத்த பெயர் வழக்கிலிருந்து மறைந்தது. நாயக்கர் ஆட்சி முடிந்தது. டேனியர் விலை பேசி விற்றுச் சென்றனர். கோட்டை காட்சியகமாயிற்று. இவற்றையெல்லாம் கண்டவர் கரையில் வாழும் மீனவர். எழுதிய வரலாற்றில் அவர்கள் பெயர் காணப்படவில்லை. எனினும் அவர்களுடைய தொழிலும் சொல்லும் துணிவும் இன்றும் வாழ்கின்றன. தரங்கம்பாடிக்குச் செல்பவர் கோட்டையை வியந்து காண்க. கோயிலைப் பணிந்து காண்க. கரையில் வலை பின்னுவோரை மதித்துக் காண்க.